சுற்றாத காது

என் தம்பி வண்ணம் பூசாத உயரம் இந்த உலகத்தில் கிடையாது. மேகத்துக்கே இரண்டு பூச்சு அடித்துவிட்டு இறங்கியவன். சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிவிட்டேன். நாலாவது மாடிக்கு மேல் அவன் போனதில்லை. ஆனால் முப்பத்தைந்து வருடம் ஏணியில் நின்றேதான் பிழைத்தான். தரையில் நின்றால் அவனுக்குக் கை ஓடாது. தெருவில் அவனுக்குப் பெயரே 'ஏணி'தான்.

அப்படிப்பட்டவனின் இடது காதுக்குள் இரைச்சல் கிளம்பியது, யாரோ மோட்டார் போட்டுவிட்டு அணைக்க மறந்தது மாதிரி. ஒருநாள் இரண்டாவது மாடி உயரத்தில் உலகமே தட்டாமாலை சுற்ற, தண்ணீர்க் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் நின்றான். அவனை இறக்கிய கையோடு அவன் மனைவி ஏணியைச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டாள்.

"காது டாக்டர் சரின்னு சொல்லட்டும், அப்புறம் ஏறுங்க."

டாக்டர் காதின் சமநிலைப் பரிசோதனைக்கு அனுப்பினார். துணைக்கு நான் போனேன். பரிசோதிக்கும் பெண் விளக்கம் சொல்ல வாயெடுத்தாள்.

"எல்லாம் தெரியும்மா, நீ ஆரம்பி" என்று படுத்துவிட்டான். தலை சுற்றினால் தோல்வி, சுற்றாவிட்டால் தேர்ச்சி என்று அவனாகவே ஒரு சட்டம் போட்டுக்கொண்டிருந்தான்.

கண்ணை மறைக்கும் கறுப்புக் கண்ணாடி, அதற்குள் ஒரு கேமரா. கண்மணி அசைவதெல்லாம் திரையில் தெரியும். அவள் வலது காதுக்குள் குளிர்ந்த நீரை விட்டாள்.

"மனசு விழிப்பா இருக்கணும் ஐயா. ஏதாவது பேர் சொல்லிக்கிட்டே இருங்க."

"வெள்ளை, பால் வெள்ளை, முட்டை வெள்ளை, தந்த... ஐயோ அக்கா, கட்டிலைப் பிடி! கவுறுது!"

திரையில் கண்மணி வெடுக்வெடுக்கென்று ஓடியது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, அசையாத கட்டிலை நானும் பிடித்தேன். வெந்நீர் விட்டபோதும் அதே கூத்துதான்.

அடுத்தது இடது காது. குளிர்ந்த நீர், வெந்நீர் இரண்டுக்கும் சேர்த்து நாற்பது நிறம் ஒப்பித்தான். கண்மணி ஆணி அடித்த மாதிரி நின்றது.

"பார்த்தியாக்கா? இடது காது கல்லு மாதிரி இருக்கு! நாளைக்கே வேலைக்குப் போறேன்."

அந்தப் பெண் மெல்லக் கண்ணாடியைக் கழற்றினாள். "ஐயா, தண்ணி விட்டா தலை சுத்தணும். சுத்தின காதுதான் நல்ல காது. இடது காதுல விட்டப்போ கண்மணி அசையவே இல்லை, அந்தக் காது வேலை செய்யலை."

டாக்டரும் அதையே சொன்னார்: தலையைத் திருப்பித் திருப்பி நடக்கும் பயிற்சி உண்டு, ஏணி இனி கிடையாது. தம்பி பெரிய மனிதனாக அதை ஏற்றுக்கொண்டான்.

இதுவரை எழுதியதைப் பக்கத்திலிருந்த அவன் மனைவிக்குப் படித்துக் காட்டினேன்.

"ஏன் அண்ணி இப்படிப் புளுகறீங்க? ஏத்துக்கிட்டாராம்! மூணு நாள் என்கிட்டயே முகம் கொடுக்கலை. எடுத்த வேலையை முடிக்கணுமேன்னு நாலாம் நாள் பூட்டைத் திறந்து, பிரஷ்ஷோட நானே ஏணியில ஏறினேன். அப்பதான் வாயைத் திறந்தாரு, கீழேருந்து: 'அடியே, மேல் மூலை விட்டுப்போச்சு!'ன்னு."