அம்மாவின் நைலான் சுடிதார்

சாமி குத்தம் பண்ணிவிட்டு ஊர் சுற்றிய குடும்பம் என்று எங்களுக்கு இன்றைக்கும் ஒரு பெயர் உண்டு. கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தால் எதிர்வரிசையில் யாராவது ஒருவர் அந்தப் பேச்சை இழுப்பார். நான் இலையிலிருந்து நிமிர்ந்து, "ஆமா, போனோம். இப்ப என்னங்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு ரசத்துக்குச் சோறு வாங்குவேன். அவர்கள் சொல்கிற மாதிரி அந்தக் கதையைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

அப்போது நான் ஏழாம் வகுப்பு முடித்திருந்தேன், தம்பி நாலாவது. பழங்காநத்தத்தில் ரோட்டைப் பார்த்தபடி அப்பாவின் மோட்டார் காயில் கட்டும் கடை, அதன் பின்னால் எங்கள் வீடு. கோடை வந்தால் அப்பாவுக்குச் சோறு தின்ன நேரம் இருக்காது. சுற்றுவட்டாரத்தில் உள்ள போர் மோட்டார் எல்லாம் அப்போதுதான் புகையும். அப்படிப்பட்ட மனுசன் ஒருநாள் உள்ளே வந்து கையைத் துடைத்துக்கொண்டே, "இந்த லீவுக்குக் கேரளா பக்கம் தீம் பார்க் போவமா?" என்று கேட்டார். தம்பி கட்டிலிலிருந்து குதித்தான். நான் நம்பவே இல்லை. எங்கள் வீட்டில் டூர் என்றால் யாருக்காவது மொட்டை போட வேண்டும், இல்லை காது குத்த வேண்டும். அது இரண்டும் இல்லாமல் சும்மா சந்தோசத்துக்கு ஒரு பயணம் போகலாம் என்பதே எங்களுக்குப் புதுசு.

அன்றிலிருந்து வீடு வீடாக இல்லை. அப்பாவின் போனில் சார்ஜ் தீரும்வரை அந்தப் பார்க் வீடியோக்களைப் பார்த்தோம். எந்த ராட்டினத்தில் முதலில் ஏறுவது, எந்தத் தண்ணீருக்குள் முதலில் குதிப்பது என்று எனக்கும் தம்பிக்கும் தினமும் அடிதடி. கத்துவதற்குத் தொண்டையைப் பழக்க வேண்டும் என்று தம்பி சொன்னான். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. இரண்டு பேரும் மொட்டைமாடியில் நின்று அடிவயிற்றிலிருந்து கத்தினோம். எதிர்வீட்டு அக்கா கையில் கரண்டியோடு ஓடிவந்து, "என்னடி, பாம்பா?" என்று கேட்டாள். அப்பாவோ வீடியோவில் ஆட்களையே பார்ப்பதில்லை. ராட்டினம் தலைகீழாகத் திரும்புகிற இடத்தில் நிறுத்தி, "ஏத்தா, இம்புட்டு வெயிட்டத் தூக்குதே, எம்புட்டு ஹெச்பி மோட்டாரா இருக்கும்?" என்பார். அவருக்கு அதைக் கிட்டப்போய்ப் பார்த்தே ஆகவேண்டும்.

அம்மா மட்டும் எதையும் கேட்கவில்லை. "நீங்க வெளாடுங்க. நான் கரையில உக்காந்து பையப் பாத்துக்கிறேன்" என்றாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. குற்றாலத்தில் நாங்கள் எல்லாரும் அருவிக்குள் நின்றபோது அம்மா எங்கள் துண்டையும் செருப்பையும் வைத்துக்கொண்டு பாறையில் உட்கார்ந்திருந்தாள். சித்திரைப் பொருட்காட்சியில் நாங்கள் ராட்டினத்தில் சுற்றினால், கீழே அம்மாவும் பையும். பையில் அப்படி என்னதான் இருந்தது? ஒரு டப்பா புளியோதரை, இரண்டு ஈரத்துண்டு. அதைத் தூக்கிக்கொண்டு போய் எவன் மாடிவீடு கட்டப்போகிறான்? "நீ தண்ணிக்குள்ள எறங்கலைன்னா நானும் எறங்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். வீம்புக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே இறங்கியிருக்க மாட்டேன்.

சேலை கட்டியவர்களைத் தண்ணீருக்குள் விடமாட்டார்கள், நைலான் துணிதான் போடவேண்டும் என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள். அம்மா சேலையும் நைட்டியும் தவிர வேறு எதையும் உடுத்தியதில்லை. கையைப் பிடித்து இழுக்காத குறையாக, ரவுண்டானாவுக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த தையல்கார அக்காவிடம் கூட்டிப்போனேன். அங்கே போய் நின்றுகொண்டு அம்மா, "எம் மகளுக்கு ஒரு சுடிதார் தைக்கணும்" என்றாள். தையல்கார அக்கா என்னை ஒரு பார்வை, அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். ஒல்லிக்குச்சியாக நின்ற என்னை விட்டுவிட்டு அம்மாவின் தோளில் டேப்பை வைத்து, "ஆமாமா, மகளுக்குத்தான்" என்றபடியே அளவெடுத்தாள். அம்மாவுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது.

கருநீலச் சுடிதார் தைத்து வந்தது. அம்மா அதைப் பீரோவில் பட்டுச்சேலைகளுக்கு அடியில் ஒளித்துவைத்தாள். ஆனால் தினமும் மத்தியானம் அறைக்கதவு உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது. உள்ளே பீரோக் கண்ணாடிக்கு முன்னால் அம்மா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடக்கிற கொலுசுச் சத்தம் வெளியே கேட்டது. எட்டிப்பார்க்கலாமா என்று கேட்ட தம்பியின் தலையில் நங்கென்று ஒரு கொட்டு வைத்தேன்.

கிளம்புவதற்கு முந்தின வாரம் பெரியப்பா வந்தார். அப்பாவின் அண்ணன். சோழவந்தானுக்குப் பக்கத்தில் எங்கள் சொந்த ஊரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர், மாரியம்மன் திருவிழாவுக்கு அவர்தான் முன்னால் நிற்பார். கொண்டுவந்த வெற்றிலைக் கட்டை மேசைமேல் வைத்துவிட்டு, "திருவிழாவுக்குச் சாமி சாட்டியாச்சுடா. வர்ற செவ்வாக்கெழம காப்பு" என்றார். காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை ஊர்க்காரர்கள் எல்லை தாண்டி ராத்தங்கக் கூடாது. எங்களுக்கு ரயில் வெள்ளிக்கிழமை. அப்பா தயங்கித் தயங்கி விசயத்தைச் சொன்னார். பெரியப்பா சத்தமெல்லாம் போடவில்லை. "அதெல்லாம் அடுத்த வருசம் பாத்துக்கிரலாம்" என்றார்.

"சரிண்ணே" என்றார் அப்பா.

அம்புட்டுதான். ஒரே ஒரு 'சரிண்ணே'. அப்பாவை எனக்கு உயிர், ஆனால் அந்த நிமிசம் அவரைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

"பெரியப்பா, ஒரு சந்தேகம்" என்றேன்.

"கேளுத்தா."

"பழங்காநத்தம் நம்ம ஊரு எல்லைக்குள்ளயா இருக்கு?"

"அது எப்பிடி இருக்கும்?"

"அப்ப வருசா வருசம் காப்புக் கட்டின பெறகும் நாங்க எல்லைக்கு வெளியதான தூங்குறோம்? சாமி ஒண்ணுஞ் சொல்லலையே?"

தம்பி பின்னாலிருந்து என்னைக் கிள்ளினான். பெரியப்பா தொண்டையைச் செருமினார். "அது வேற. அது பொழைக்கப் போன எடம். இது கூத்தடிக்கப் போறது."

"பொழைக்கப் போனா கோவிக்காத சாமி, சிரிக்கப் போனா மட்டும் கோவிக்குமா?"

"ஏன்டா, பொட்டப்புள்ள வாயப் பாத்தியா? இப்பிடித்தான் வளத்து வச்சிருக்கியா?" என்று பெரியப்பா அப்பாவிடம் திரும்பினார். அப்பா என் முகத்தைப் பார்க்காமலே, "போதும், வாய மூடு" என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்தால் அழுகிறேன் என்று தெரிந்துவிடும், அதனால் துடைக்காமல் நின்றேன்.

அம்மா காபி போடத்தான் உள்ளே போயிருந்தாள். அடுக்களையில் சத்தம் நின்று நேரமாகியிருந்தது. அறைக்கதவு திறந்தது, மறுபடியும் அடுக்களையில் டம்ளர் சத்தம் கேட்டது. அம்மா காபித் தட்டோடு வந்தாள், கருநீலச் சுடிதாரில்.

பெரியப்பா வந்தால் அம்மா சேலைத் தலைப்பைத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு, கதவோரம் நின்றுதான் பேசுவாள். அவர் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்துகூட நான் பார்த்ததில்லை. அன்றைக்கு நேராக நடு ஹாலுக்கு வந்து, மேசைமேல் வெற்றிலைக் கட்டுக்குப் பக்கத்தில் தட்டை வைத்தாள்.

"காபி எடுத்துக்கங்க மச்சான்" என்றாள். "புள்ளைக ஆசப்படுதுகன்னு சொல்லல. எனக்கே போகணும்னு இருக்கு. வாக்கப்பட்டு வந்ததுலருந்து வருசந் தவறாம ஆத்தாளுக்குப் பொங்க வச்சிருக்கேன். இவன் வயித்துல இருக்கப்பயும் வெயில்ல நின்னு வச்சேன். அவகிட்ட நான் பேசிக்கிறேன். திருவிழா அன்னிக்கு மொத ஆளா வந்து நிப்பேன்."

பெரியப்பாவுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. ஃபேனைப் பார்த்தார், சுவரில் காலண்டரைப் பார்த்தார். காபியை ஆற்றாமல் அப்படியே குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார். "என்னமோ பண்ணுங்க. நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா எங்கிட்ட வராதீக" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார். அப்பா அவரைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து வாசலிலேயே நின்றார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அம்மாவை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "அளவாத்தான் தச்சிருக்கா" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

போனோம். அங்கே அப்பா ராட்டினத்துக்கு அடியில் குனிந்து மோட்டாரைத் தேட, காவலுக்கு நின்றவர் விசிலடித்து அவரை வெளியே இழுத்தார். பையை லாக்கரில் பூட்டியாயிற்று. சாவியை ஒரு ரப்பர் பட்டையில் கோத்துக் கையில் கட்டிவிட்டார்கள். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்த வருசம் எனக்கு இதான் காப்பு" என்றாள். அலை வருகிற குளத்தில் முதல் அலை அடித்ததும் அவள் ஒரு கத்துக் கத்தினாள் பாருங்கள், மொட்டைமாடியில் பழகிய எங்கள் இரண்டு பேருக்கும் அப்படிச் சத்தம் வரவில்லை. தலைமுடி முகத்தில் ஒட்ட, மூக்கில் தண்ணீர் ஏற, இருமிக்கொண்டே சிரித்தாள். நானும் சிரித்தேன், கொஞ்சம் அழுதேன். தண்ணீருக்குள் யாருக்குத் தெரியப்போகிறது.

திரும்பி வந்தபின் பெரியப்பா தினமும் போன் செய்தார். "புள்ளைகளுக்கு மேலுக்கு ஒண்ணும் இல்லையே?" அம்மை போடுகிற வெயில் காலம், அவர் எதைக் கேட்கிறார் என்று எங்களுக்குத் தெரியும். பயம் இல்லை என்று சொன்னால் பொய். குளிக்கும்போது முதுகைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டேன். தம்பி தும்மினால் வாயைப் பொத்தினேன். ஒன்றும் வரவில்லை. வந்திருந்தாலும் போனது சரிதான் என்றுதான் சொல்லியிருப்பேன்.

திருவிழா அன்று அம்மா சொன்னபடியே முதல் ஆளாகப் போய்க் கோயில் முன்னால் அடுப்புக் கூட்டினாள். சேலைதான் கட்டியிருந்தாள். பக்கத்து அடுப்பு பெரியம்மாவுடையது. எந்த விசேசத்திலும் பெரியப்பாவின் துண்டையும் செருப்பையும் பார்த்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருக்கிற பெரியம்மா. காலையிலிருந்து எங்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பெரியப்பா கொஞ்சம் தள்ளி மைக்கைப் பிடித்து யாரையோ விரட்டிக்கொண்டிருந்தார். பெரியம்மா விறகைத் தள்ளுகிற சாக்கில் என் பக்கம் குனிந்து, "ஏத்தா, ஒங்கம்மாவுக்கு அதத் தச்சுக் குடுத்தவ கடை எங்கிட்டு இருக்கு?" என்று கிசுகிசுத்தாள்.

நான் எழுந்து நின்றேன். "பழங்காநத்தம் ரவுண்டானாப் பக்கத்துச் சந்து, பெரியம்மா! மகளுக்குன்னு சொல்லுங்க, ஒங்களுக்கு அளந்து தைப்பாங்க!"

மைக் நின்றது. பெரியப்பா திரும்பிப் பார்த்தார். பொங்கல் வைத்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் பார்த்தார்கள். பெரியம்மா தலையை நிமிர்த்தவில்லை. பொங்கி வழிந்த பானையில் கரண்டியை விட்டுக் கிண்டிக்கொண்டே, "கலரு என்னென்ன இருக்கும்?" என்று கேட்டாள்.