சுயம்புலிங்கத்தண்ணன் கை வெல்லம்

காமயகவுண்டன்பட்டியில் சுயம்புலிங்கத்தண்ணனுக்கு மிலிட்டரி என்றுதான் பெயர். வீட்டுக்குள் பாம்பு புகுந்தாலும் மிலிட்டரியைக் கூப்பிடு, வாய்க்கால் தண்ணீருக்கு அடிதடி வந்தாலும் மிலிட்டரியைக் கூப்பிடு. இருபத்திநான்கு வருடம் பட்டாளத்தில் இருந்தவர் ஆயிற்றே! தினம் நாலு பேரைச் சுட்டுவிட்டுத்தான் அங்கே சாப்பிட உட்கார்ந்தார் என்று ஊர் நம்பியது.

அவர் இருந்தது கோவேறு கழுதைப் படை. நானும் அதில் ஏழு வருடம் அவரோடு இருந்தவன். லாரி போகாத மலைக்கு அரிசியும் குண்டும் சுமக்கிற கழுதைகளை நடத்துவது எங்கள் வேலை. அண்ணன் இதை ஊரில் மூச்சு விட்டதில்லை. சாயங்காலமானால் ஒச்சாண்டியின் ஜட்கா வண்டிக் குதிரை அவர் வாசலில் தானாக நிற்கும். உள்ளங்கையில் ஒரு துண்டு வெல்லம் வைத்து ஊட்டுவார். மிலிட்டரிக்குக் குதிரைமேல் ஆசை என்று எல்லோரும் கேலி செய்வார்கள்.

எழுபத்தொன்பதில் என் மகள் காதுகுத்துக்கு அழைக்க அல்லிநகரத்திலிருந்து போயிருந்தேன். காப்பியை வாயில் வைக்கவில்லை, ஒச்சாண்டி அலறிக்கொண்டு வந்தார்.

"மிலிட்டரி, துப்பாக்கிய எடுத்துக்கிட்டு வாங்க! லாரிக்காரன் குதிரைய அடிச்சுப்போட்டுப் போயிட்டான். முன்னங்கால் ரெண்டும் போச்சு. கெடந்து துடிக்குது, பாக்க முடியல!"

ஓய்வுக்குப் பிறகு அண்ணன் கம்பத்தில் ஒரு வங்கிக்குக் காவல் போய்க்கொண்டிருந்தார். லைசென்ஸ் துப்பாக்கி வீட்டில் இருந்தது. எடுத்துக்கொண்டு போனார், தோட்டா போட்டார், குறி பார்த்தார். குதிரை தலையைத் தூக்கி அவரையே பார்த்தது. அவ்வளவுதான். துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, ரோட்டிலேயே உட்கார்ந்து குதிரையின் தலையை மடியில் எடுத்துக்கொண்டார். மாட்டு டாக்டர் வந்து ஊசி போடும்வரை எழுந்திருக்கவில்லை.

கூட்டத்தில் ஒருவன் ஆரம்பித்தான். "ஏலே, இவுகளா சண்டை போட்டாக? இருபத்திநாலு வருசமும் அங்கன ரொட்டிதான் சுட்டாக போல!"

கொல்லென்று சிரிப்பு. எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"வாய மூடுங்கடா! என்னடா தெரியும் உங்களுக்கு? அறுபத்திரண்டு சீனாச் சண்டையில பின்வாங்குறப்ப, கழுதைக எதிரி கையில சிக்கக்கூடாது, சுட்டுருங்கன்னு உத்தரவு. கால்ல குண்டு பட்டுக் கெடந்த இவுகள மலையிலருந்து முதுகுல தூக்கிட்டு வந்த கழுதை ஒண்ணு, ராணின்னு பேரு. அதையும் இவுகதான் சுட்டாக. அது ஓடக்கூட இல்லடா. வெல்லம் குடுக்கத்தான் வாராகன்னு வாயத் தொறந்துச்சு!"

சிரித்தவன் எல்லாம் தலையைக் குனிந்தான். சரியான போடு போட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அண்ணனைப் பார்த்தேன். துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குப் போய்க் கை கழுவும்போதுதான் வாய் திறந்தார்.

"ஏன் தம்பி சொன்ன?"

"பயந்தாங்கொள்ளின்னு சிரிக்கிறானுக. கேட்டுக்கிட்டு நிக்கச் சொல்றீகளா?"

"சிரிச்சிட்டுப் போறானுக. பயந்தவன்னு பேரெடுத்தா எனக்குச் சோறு எறங்கும்ப்பா. எதுக்குன்னு ஒருத்தருக்கும் தெரியாம ஒரு துண்டு வெல்லம் குடுத்துக்கிட்டிருந்தேன். இனி எந்தக் கையால குடுப்பேன்?"

அண்ணன் காதுகுத்துக்கு வந்தார், மொய் எழுதினார், என்னோடு சிரித்தும் பேசினார். அந்தப் பேச்சை மட்டும் எடுக்கவில்லை.

அடுத்த பொங்கலுக்குப் போனேன். ஒச்சாண்டி புதுக் குதிரை வாங்கியிருந்தார். மரியாதைக்காக அண்ணன் வாசலில் அவரே வண்டியை நிறுத்தினார். தெருவே அண்ணன் கையைப் பார்த்தது. அண்ணன் விருட்டென்று எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

அவர் மனைவி சுப்புத்தாய் வெல்லத்தோடு வந்தவர் நின்றுவிட்டார். அதை என் பக்கம் நீட்டினார்.

"நீங்களாச்சும் குடுங்க தம்பி."

வாங்க எனக்குக் கை வரவில்லை.