அந்தோனி அண்ணனின் தங்கூசி நூல்

மாத்தளை பஸ் நிலையத்தில் நின்றபோது அந்தோனி அண்ணனின் மனைவி மேரி அக்கா எனக்குப் போன் எடுத்தார். "அவரு போயிட்டாரு தம்பி," என்றார். மாரடைப்பாம். எனக்கு அழுகை வரவில்லை. நான் செய்ததை இனி அண்ணனிடம் சொல்ல முடியாதே என்பதுதான் முதலில் தோன்றியது. வெட்கக்கேடு!

ரிவர்ஸ்டன் பக்கத்துத் தோட்டத்தாரான உங்களுக்கு அந்தோனி அண்ணனை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நாங்கள் இருவரும் ஒரே பங்கின் உபதேசிமார். நோயாளிகளுக்கு ஜெபம் சொல்ல அவர் மோட்டார் சைக்கிளில் உங்கள் வீடுகளுக்கு லயம் லயமாக ஏறி வருவார்.

சனிக்கிழமைதோறும் அந்த வண்டியை நிமிர்த்தி நிறுத்தி, மீன் பிடிக்கும் தங்கூசி நூலைப் பின்சில்லைச் சுற்றி, இருபுறமும் முன்னால் இழுத்துக் கட்டுவார். நூலுக்கும் முன்சில்லுக்கும் நடுவே இரண்டு பக்கமும் ஒரே இடைவெளி இருந்தால்தான் சக்கரங்கள் ஒரே நேரில் ஓடும். "அண்ணே, என்னா பந்தலா போடுறீங்க?" என்று கேலி செய்வேன். "ஒங்க வண்டி நண்டு மாதிரி போகுது, நீங்க பேசாதீங்க," என்பார்.

அப்படி நூல் பிடித்த மறுநாள், என் வண்டி பழுதானதால், மேல் தோட்டத்துச் சாவு வீட்டுக்குப் போக அவருடைய வண்டியை இரவல் வாங்கினேன். வழியில் செயின் தொய்ந்து சத்தம் போட்டது. யாரிடமோ ஸ்பேனர் வாங்கி செயினை இறுக்கப் பின்சில்லின் இடப்பக்கத்து நட்டை முடுக்கினேன். வலப்பக்கத்தையும் அதே அளவு முடுக்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் சில்லு கோணிக்கொள்ளும். மழை தூறியது, நேரமாகிவிட்டது, விட்டுவிட்டேன். வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்த வாரமே அண்ணன் வலக்கையைப் பிசைந்தபடி வந்தார். முந்தின வருடம் லேசான பக்கவாதம் வந்த கை அது. "வண்டி வலப்பக்கம் இழுக்குது தம்பி."

"நூல் புடிச்சுப் பாத்தீங்களா அண்ணே?"

"சனிக்கெழமதானே பாத்தேன். அதுக்கப்புறம் ஒங்க கையிலதானே இருந்துச்சு, வேற யாரும் தொடல. வண்டியில ஒண்ணுமில்ல. கைதான் மறுபடியும் போகுது."

அன்றோடு அவர் வண்டியைத் தொடவில்லை. அவர் போய்வந்த தோட்டங்களைப் பங்கு ஃபாதர் என் பொறுப்பில் விட்டார். அதற்குப் பிறகு நட்டைப் பற்றி எந்த முகத்தோடு சொல்வது? பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். "அவருகிட்டயே போய்ச் சொல்லுங்க," என்றார் ஃபாதர். மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் பிளேன்டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். கோழை!

அடக்கம் முடிந்த வாரம் மேரி அக்கா வண்டிச் சாவியை நீட்டினார். "ஒங்களுக்குத்தான் குடுக்கச் சொன்னாரு." முற்றத்தில் நூலைக் கட்டிப் பார்த்தேன். இடப்பக்கம் இரண்டு விரல் இடைவெளி. வலப்பக்கம் நூல் டயரில் முட்டியது. அங்கேயே நின்று அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அக்கா படியில் உட்கார்ந்துவிட்டார். "தெனமும் அந்தக் கைக்குத் தைலம் தேச்சேனே தம்பி," என்றார்.

இரண்டு நட்டையும் சரிசெய்து, சாவியை அவரிடமே கொடுத்துவிட்டேன். நூலை மட்டும் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். மேல் லயத்தில் இன்னும் "பாவம், அவருக்குக் கை வெளங்காமப் போச்சு" என்கிறீர்கள். அண்ணனின் கை நன்றாகத்தான் இருந்தது. ஏழு மாதம் உங்களிடம் வரவிடாமல் அவரை நிறுத்தியவன் நான்.