அம்சம் மறுத்த பேரம்

அறுவடைக் கூலிப் போராட்டத்தில் அம்சத்தைப் போலீஸ் பிடித்துப்போனபோது வீட்டில் மகள் செவ்வந்தி மட்டும் இருந்தாள். தகப்பன் இல்லாத பிள்ளை. தஞ்சாவூரில் அரசுக் குழந்தைகள் இல்லம் ஒன்றில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள். சிறையிலிருந்து வந்த அம்சம் மகளைக் கேட்டாள். "நிரந்தர வருமானம் இருக்கா? சொந்த வீடு இருக்கா?" என்றார்கள். அந்த எண்பதுகளில், திருவாரூர்ப் பக்கம் நடவுக்கும் அறுப்புக்கும் போன எவளுக்கு அதெல்லாம் இருந்தது? மாதம் ஒருநாள் கம்பிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்துக்கொள்ளலாம் என்பது விதி.

சங்கத்து வக்கீல் ராஜகோபாலன் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனார். செவ்வந்தி ஒருத்திக்காக மட்டும் அவர் கேட்கவில்லை. முறையாக விசாரிக்காமல் எந்தப் பிள்ளையையும் வைத்திருக்கக் கூடாது, பெற்றவர்களை வாராவாரம் உள்ளே போய்ப் பார்க்க விட வேண்டும் என்று எல்லாருக்கும் சேர்த்துக் கேட்டார். முதலில் பேசிப் பாருங்கள் என்றது நீதிமன்றம்.

அரசுத் தரப்பில் பேச வந்தவர் சாரங்கபாணி. தேநீர் வரவழைத்தார்.

"இந்தாம்மா, ஒன் பொண்ண இன்னைக்கே கூட்டிக்கிட்டுப் போ. கேஸ வாபஸ் வாங்கிடு."

"மத்த புள்ளைங்க?"

"நீ என்ன, ஊருக்கெல்லாம் தாயா?"

"அதுங்க ஆத்தாளுவதான் வாசல்ல நிக்கிறாளுவளே அய்யா. நான் எதுக்கு ஆவணும்?"

ராஜகோபாலன் அவள் பக்கம் குனிந்தார். "அம்சம், கூட்டிட்டுப் போறதுன்னா போங்க. நான் தப்பா நெனைக்க மாட்டேன்."

அம்சத்துக்கு இந்த விளையாட்டு தெரியும். கூலிப் பேச்சு முறியும்போதெல்லாம் மிராசுதார் ஒருத்தியைத் தனியே கூப்பிட்டு அவளுக்கு மட்டும் கூட்டித் தருவதாகச் சொல்வார். வாங்கிக்கொண்டவளின் தலையில் மறுநாள் கதிர்க்கட்டைத் தூக்கிவிட ஒரு கை வராது. மறுத்துவிட்டால், விடிந்ததும் அவரே இறங்கி வருவார்.

"எல்லாருக்கும் சேத்துப் பேசுங்க" என்று எழுந்துவிட்டாள். படி இறங்கும்போது, "நாளைக்கே வருவாங்க, பாருங்க" என்றாள்.

யாரும் வரவில்லை. முற்றிய கதிர் வயலிலேயே கொட்டிப்போகும் என்று மிராசுதார் பயந்தார். அரசாங்கத்துக்குக் கொட்டிப்போக என்ன இருந்தது? வாய்தா மேல் வாய்தா. குறுவை போயிற்று, சம்பா போயிற்று, மறுபடி குறுவை வந்தது. அம்சம் ஒற்றை ஆளுக்கு உலை வைத்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் செவ்வந்தி வளர்ந்துகொண்டே போனாள். பேச்சு குறைந்துகொண்டே வந்தது.

கடைசியில் கேட்டதெல்லாம் கிடைத்தது. கூடவே, பிள்ளையின் விருப்பத்தையும் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் ஒன்றைச் சேர்த்தது.

கதவு திறந்த முதல் ஞாயிறு பேராவூரணியிலிருந்தும் கோடியக்கரை உப்பளத்திலிருந்தும் தாய்மார்கள் வந்திருந்தார்கள். கண்ணாத்தாள் என்பவள் அம்சத்தின் கையைப் பிடித்து, "ஒன்னாலதான் அக்கா" என்று அழுதாள்.

செவ்வந்தி வந்து சற்றுத் தள்ளி நின்றாள்.

"வாடி, நம்ம வூட்டுக்குப் போவலாம்."

"அப்பவே கூட்டிட்டுப் போவச் சொன்னாங்களாமே. நீதான் வேணாமுன்னியாம்."

"அது அப்படி இல்லடி. கூலி பேசறப்ப ஒருத்தி மட்டும்..." அம்சம் நிறுத்தினாள். கூலிப் பேச்சைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும்?

"போன வாரம் விசாரணையில கேட்டாங்க. இங்கயே படிக்கிறேன்னு சொல்லிட்டேம்மா."

வாசலில் கண்ணாத்தாள் தன் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "பாப்பா எங்க அக்கா?" என்றாள்.

"பரீட்சையாம்" என்றாள் அம்சம்.

அடுத்த ஞாயிறும் போனாள். செவ்வந்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இருவருக்கும் பேச ஒன்றும் இல்லை. இப்போது சாயங்காலம்வரை இருக்கலாம்.