சைவ ஓட்டலில் நண்டு

என்னைப் பெண் பார்க்க வருகிறோம் என்று சொன்னவர்கள் கடைசியில் எங்கள் ஊருக்கு வரவில்லை. சென்ட்ரலுக்குப் பக்கத்தில் ஒரு சைவ ஓட்டல் இருக்கிறது, அங்கேயே பார்த்துக்கொள்ளலாம் என்று மாப்பிள்ளையின் அம்மா போனில் சொல்லிவிட்டார். "புடிச்சா மேல பேசலாம். புடிக்கலன்னா காபி குடிச்சிட்டு கெளம்பலாம். ரெண்டு பக்கமும் சங்கடம் இல்ல பாருங்க."

எனக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது. ஏரிக்கரை வீடு, வாசலில் காயும் வலை, கூரையிலேயே ஏறிவிட்ட கருவாட்டு வாசனை எதையும் அவர்களுக்குக் காட்ட வேண்டியதில்லை. அவர்களும் எங்கள் ஆரம்பாக்கத்துக்காரர்கள்தான். எங்களைப்போல ஏரியில் இறங்கி இறாலும் நண்டும் கையால் பிடித்த குடும்பம். மாப்பிள்ளை பிறப்பதற்கு முன்பே பட்டணம் போய்விட்டார்கள். பையனுக்கு ஐ.டி. வேலை. நான் மீஞ்சூரில் ஒரு கம்பெனியில் பில் போடுகிறேன்.

கிளம்பும் நாள் விடியற்காலை நைனா ஏரியிலிருந்து பெரிய நண்டுகளாகப் பார்த்துக் கொண்டுவந்தார். அம்மா ஒவ்வொன்றின் கொடுக்கையும் நூலால் கட்டி, ஈரச் சாக்கில் சுற்றி, ஒயர் கூடையில் வைத்தாள்.

"இன்னாமா இது? சைவ ஓட்டலுக்கு நண்டு எடுத்துனு வரியா?"

"ஓட்டலுக்கு இல்லடி, அவங்க வூட்டுக்கு. வெறுங்கையோட போறதா? ஏரித் தண்ணியில பொறந்தவங்க. பட்டணத்துல இந்த நண்டு எங்க கெடைக்கும் அவங்களுக்கு?"

பஸ் வரும்வரை சண்டை போட்டேன். "வுடுமா, கூடைய என் காலாண்ட வெச்சிக்கிறேன். யாருக்குத் தெரியப்போவுது" என்றார் நைனா. பொன்னேரியில் ரயில் ஏறியபோது நான் அவர்களை விட்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டேன்.

ஓட்டலில் மாடியில் ஏசி ஹால். எதிர்வரிசையில் மாப்பிள்ளையும் அவர் அப்பா அம்மாவும். இந்தப் பக்கம் நாங்கள் மூவர். சர்வர் தண்ணீர் வைக்க வரும்போதெல்லாம் நைனா மரியாதைக்குப் பாதி எழுந்து உட்கார்ந்தார். மாப்பிள்ளையின் அப்பா யாரையும் கேட்காமல் எல்லாருக்கும் சேர்த்து ஆர்டர் சொன்னார். மாப்பிள்ளை மட்டும், "உங்களுக்கு ரவா தோசை ஓகேவா?" என்று என்னைக் கேட்டார். நல்ல குரல். கம்பெனியைப் பற்றி, ரயிலில் தினமும் போய்வருவதைப் பற்றிக் கேட்டார். நானும் பதில் சொன்னேன். அம்மா என் தொடையை மேஜைக்குக் கீழே தட்டினாள், சந்தோஷத்தில்.

பக்கத்து மேஜையில் ஒரு பெண் குழந்தை, "அம்மா, நண்டு!" என்றது. அதன் அம்மா போனிலிருந்து நிமிராமல், "எங்கடா செல்லம், மெனுவுலயா?" என்று கேட்டாள். பிறகு கீழே பார்த்து அலறிவிட்டாள்.

சாக்கு விலகி ஒரு நண்டு வெளியே வந்திருந்தது. ஒரு கொடுக்கில் நூல் அவிழ்ந்து தொங்க, பளபளவென்றிருந்த தரையில் பக்கவாட்டாக ஓடியது. நாற்காலிகள் நகர்ந்தன. யாரோ தேள் என்று கத்தினார்கள். கால்களைத் தூக்கி உட்கார்ந்தவர்கள் உட்கார்ந்தபடியே போனை எடுத்தார்கள்.

மேனேஜர் வந்தார். "யாரோடது சார் இது? இது ப்யூர் வெஜ் ஓட்டல் சார்." ஈரக் கூடை எங்கள் மேஜைக்குக் கீழே இருந்ததால் அவர் எங்களைத்தான் பார்த்தார்.

"எங்களோடது இல்ல. இவங்களக் கேளுங்க" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

நைனா எழுந்து கைகூப்பினார். "தப்பு நம்மளுதுதான் சார். தோ, புடிச்சிடறேன்." புது வேட்டியோடு குனிந்தவருக்கு மூட்டு மடங்கவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். நண்டு அதற்குள் எங்கள் மேஜைக்கு அடியிலேயே திரும்பி வந்து, மாப்பிள்ளையின் ஷூவை ஒட்டி ஒடுங்கிக்கொண்டது. அவர் அசையவில்லை.

நான் பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மண்டிபோட்டு உள்ளே போனேன். கீழே ஒரே கால்கள். தலைக்கு மேலிருந்து மாப்பிள்ளையின் அம்மா மெல்லச் சொன்னது கேட்டது. "பின்னாலேந்து புடி கண்ணு, பின்கால் பக்கமா." உடனே அவர் புருஷனின் குரல்: "நீ சும்மா இரு."

பின்னாலிருந்துதான் பிடித்தேன். பூவெல்லாம் கலைந்து, கையில் நண்டோடு நான் வெளியே வந்தபோது ஹாலே கைதட்டியது. திட்டியிருந்தால் தலையைக் குனிந்துகொண்டு போயிருப்பேன். கைதட்டினால் என்ன செய்வது? ஒருவர், "சூப்பர்மா, இப்டி திரும்பு" என்று போனை நீட்டினார். மாப்பிள்ளை தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காது மடல் சிவந்திருந்தது.

காபி வரவில்லை. வெளியே பிளாட்பாரத்தில் அம்மா கூடையை மாப்பிள்ளையின் அம்மாவிடம் நீட்டினாள். அந்த அம்மாவின் கை பாதி நீண்டது. "வேணாங்க. எங்க ஃப்ளாட்ல இதெல்லாம் சமைக்கறதில்ல" என்றார் அவர் புருஷன். கை திரும்பிப் போயிற்று.

திரும்பி ரயில் ஏறினோம். நைனா கூடையை மடியில் வைத்துக்கொண்டு, வேட்டி நனைவதைக்கூடக் கவனிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

அடுத்த வாரம் அவர்களிடமிருந்து போன் வந்தது. "பையனுக்குப் புடிச்சிருக்காம். எங்களுக்கும் சம்மதம்தான்." அம்மா அழுதேவிட்டாள். நான் வேண்டாம் என்றேன்.

"ஏன்டி? இன்னா கொறை அந்தப் புள்ளைக்கு?"

"அவங்கப்பா நம்மள 'இவங்க'ன்னு கை காட்னாரு இல்ல?"

நைனா என்னை நிமிர்ந்து பார்த்தார். அதன்பின் அவர் ஒரு வார்த்தை வற்புறுத்தவில்லை. ஊரில் பேச்சு பரவியது. பெத்தவனை மதிக்காத வீடு வேணாம்னு சொல்லிட்டாளாம், பொண்ணுன்னா இப்படி ரோஷம் இருக்கணும் என்றார்கள்.

அது ரோஷமில்லை. மேஜைக்கு அடியில் நாலு காலில் என்னைப் பார்த்த ஒருவர் எதிரே தினமும் எப்படித் தட்டு வைத்துச் சாப்பிடுவது என்று கூசியது, அவ்வளவுதான். அந்தப் பையன் நல்லவனாகக்கூட இருந்திருக்கலாம். அவன் அம்மா நிச்சயமாக நல்லவர். என்னால் அவர்கள் முகத்தைப் பார்த்திருக்க முடியாது. இதைச் சொன்னால் நைனாவின் முகம் என்னாகும் என்று தெரிந்ததால் யாரிடமும் சொல்லவில்லை.

இன்னும் எனக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகளிடம் அம்மா இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள், பெருமையாக, நான் அவர்களிடமே சொன்னதுபோல என் குரலில் பேசிக்காட்டி. நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் என் பக்கம் திரும்பி, "நெஜமாவா அக்கா? மூஞ்சிக்கு நேரா அப்டி சொல்லிட்டீங்களா?" என்று கண்ணை விரித்துக் கேட்டாள்.

சுள்ளென்று வெயில். நைனா வாசலில் வலையின் கிழிசலைப் பார்த்தபடி இருந்தார். அவருக்கும் கேட்டிருக்கும்.

"ஆமா" என்றேன்.