அந்த அம்மா என்ன கேட்டார்?

இன்று, நாங்கள் குடியேறிய பிளாக்ஹவுஸ் பேயில் எங்கள் சபை மண்டபத்தில், எக்குவடோர் போய்வந்த ஊழியக் குழுவினர் வீடியோ காட்டினார்கள். காட்டுக்குள் ஷுவார் பழங்குடி மக்களின் சிறிய தேவாலயத்தில் காலை ஆராதனை. மத்தியானம் அருவி.

ஆராதனை முடிந்ததும் ஒரு ஷுவார் அம்மா, குழுத் தலைவி ஜெனிற்றாவின் கைகளைப் பிடித்துக்கொண்டு, தன் மொழியில் எதையோ சொல்லிச் சொல்லி அழுதார். ஜெனிற்றா தலையாட்டிச் சிரித்தார். வீடியோ அருவிக்குத் தாவியது.

தேநீர் நேரத்தில் ஜெனிற்றாவைக் கேட்டேன். "அந்த அம்மா என்ன சொல்லி அழுதவ?"

"விளங்கேல்லை அண்ணா. மொழிபெயர்க்கிறவர் அதுக்குள்ள வாகனத்துக்குப் போயிட்டார்."

"பிறகு அவரிட்டக் கேக்கேல்லையோ?"

"அருவியைப் பாத்ததில மறந்துபோனம்." முகம் வாடிவிட்டது. "நான் ஓம் ஓம் எண்டுதான் சொன்னனான்."

ஊரில் போர்க்கால அகதி முகாமில் என் அம்மாவும், காணாமல்போன என் தம்பியைப் பற்றி, முகாமைப் பார்க்க வந்த ஒரு வெள்ளைக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு இப்படித்தான் அழுதார். அவரும் தலையாட்டிவிட்டு வாகனத்தில் ஏறினார். அவர் ஏதாவது செய்வார் என்று அம்மா சாகும்வரை நம்பியிருந்தார்.

ஜெனிற்றாவிடம் இதைச் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது?

உங்களில் யாருக்காவது ஷுவார் மொழி தெரியுமா? வீடியோவை வாங்கி வைத்திருக்கிறேன். எதற்குச் சம்மதித்துவிட்டு வந்திருக்கிறோம் என்றாவது தெரிந்துகொள்ளலாம்.