மூன்றாவது சிலிண்டருக்கு எண்ணெய்க் குளியல்

எங்கள் பழைய காரை விற்பதா வைத்துக்கொள்வதா என்ற வழக்கு, நாங்கள் குடியிருந்த ஔந்த் வீட்டில் ஒரு மாதமாக நடந்தது. பாணேர் மேட்டில் எங்களை இறக்கிவிட்ட பிறகே அது ஏறியதை அம்மா மறக்கவில்லை, விற்கச் சொன்னாள். அப்பாவும் நானும் எதிர்க்கட்சி. சாகணில் கார் தொழிற்சாலையில் வேலை பார்த்த சித்தப்பாவின் தீர்ப்புக்குக் கட்டுப்படுவதென்று முடிவாயிற்று.

ஞாயிறு காலை, சிலிண்டரில் காற்று எவ்வளவு அழுந்துகிறது என்று பார்க்கும் மீட்டரோடு சித்தப்பா வந்தார். நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, அந்தத் துளைகளில் ஒவ்வொன்றாக அதைப் பொருத்தினார். எண்ணெய் தேய்த்துக் குளித்த ஈரத் தலையோடு ஓட்டுநர் இருக்கையில் நான். ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்துச் சாவியைத் திருப்புவது என் பொறுப்பு. அப்படியொரு பதவி பிறகு எனக்கு வாய்க்கவே இல்லை.

முதல் இரண்டுக்கும் அப்பா மீட்டர் முள்ளைப் பார்த்து "நூத்தி நாப்பது" என்று உரக்கச் சொன்னார். மூன்றாவது எண்பது. நான்காவது மறுபடி நூற்று நாற்பது. மூன்றாவதை நினைத்து எனக்கு அழுகை வந்தது.

இன்ஜின் ஆயில் டப்பா காலி. "அண்ணி, ஒரு ஸ்பூன் எண்ணெய் குடுங்க," என்றார் சித்தப்பா.

"ஊர்லேர்ந்து வந்த நல்லெண்ணெய்தான் இருக்கு. கொட்டிடாதீங்க," என்று அம்மா கொண்டுவந்து தந்தாள்.

அதை மூன்றாவதின் துளையில் ஊற்றியதும் சாவியைத் திருப்பினேன்.

"நூத்தி முப்பது," என்றார் அப்பா, மெதுவாக.

எண்ணெய்க் குளியலில் தீராத நோய் இல்லை என்பது எங்கள் வீட்டுச் சட்டம். ஜெயித்துவிட்டோம் என்று குதித்தேன். அம்மா சண்டைக்கு வராததுதான் ஆச்சரியம்.

பிளக்குகளை மாட்டிய பிறகு அப்பா என்னை மட்டும் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றினார். வடாபாவ் வாங்கித் தந்தார். காருக்குப் பின்னால் தோசைக்கல் வாசனை வந்துகொண்டே இருந்தது. அவ்வளவு சந்தோஷமான ஞாயிறு எனக்கு வேறு நினைவில்லை.

அடுத்த வாரம் கார் விலைபோனது. நான் அழுதபோது, "அதான் குணமாயிடுச்சே, இனி இன்னொரு வீட்டுக்கு உதவட்டும்," என்றார் அப்பா. நம்பினேன். வாங்க வந்தவரிடம் அவர் குறைகளை ஒன்றுவிடாமல் சொல்லி முடித்ததும், விட்டுப்போன ஒன்றை நான் இந்தியில் சேர்த்தேன்: மூன்றாவதுக்கு மட்டும் வாராவாரம் நல்லெண்ணெய் ஊற்ற வேண்டும்.

எண்ணெய் ஊற்றி முள் ஏறினால், பிஸ்டன் வளையங்கள் தேய்ந்து இன்ஜினையே பிரிக்க வேண்டிய நிலை என்று அர்த்தம். கீழே நின்ற மூவருக்கும் அது தெரிந்திருந்தது. சாவியைத் திருப்பியவளுக்குத்தான் தெரியவில்லை.